சுண்ணாம்பு நீர் தெளிந்த நாள்

ப்ளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தால், நான்கே வருடத்தில் பி.எஸ்சி.யையும் பி.எட்.டையும் ஒன்றாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்று இப்போது ஏற்பாடு வந்திருக்கிறது. நல்லதுதான். எங்கள் காலத்தில் பட்டப்படிப்பு முடித்த பிறகு தனியாக ஒரு வருடம் போய் பி.எட். படிக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தைத்தான் போன மாதம் ஒரு பள்ளிக்கூட விழாவில் ஒரு சின்னப் பெண் கேலி செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் அறிவியல் ஆசிரியை. நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

"டீச்சர், ஒரே வருசத்துல ஒங்களுக்கெல்லாம் என்னத்தச் சொல்லிக் குடுத்திருப்பாங்க? சார்ட் ஒட்டவும் சாக்பீஸ் பிடிக்கவும்தானே?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், மைக்கைச் சோதிக்கிறேன் என்று ஒருவர் மண்டபத்தையே அலற வைத்துவிட்டார். சொல்லாமல் விட்ட பதில் அன்றிலிருந்து தொண்டையிலேயே நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலி டவுன்காரி. வேதியியலில் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பல வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பதிவு மூப்புப்படி என் முறை வருவதற்குள் எனக்குப் பல் விழுந்துவிடும் என்று அப்பா சொல்வார். அவர் கோர்ட்டில் குமாஸ்தா, எதையும் வாய்தா கணக்கில்தான் யோசிப்பார். அப்படி இருந்தபோதுதான் களக்காட்டில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, அந்த இடைவெளிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கூடம் எனக்குப் போன முதல் நாளே பிடித்துவிட்டது. வகுப்பு ஜன்னலைத் திறந்தால் மலை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் வாழைத் தோட்டத்து ஈரக் காலோடு வந்து பெஞ்சில் ஏறுவார்கள். எதைச் சொன்னாலும் "எதுக்கு டீச்சர்?" என்று கேட்பார்கள். வீட்டில் என்னிடம் யாரும் எதற்கும் காரணம் கேட்டதில்லை. ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்ல, அதைக் கேட்டு ஒரு பிள்ளை கண்ணை விரிக்க, அந்த ருசி எனக்குள் ஏறிவிட்டது. விடுப்பில் போன டீச்சர் கைக்குழந்தையோடு கணவர் வேலை பார்க்கும் ஊருக்கே போய்விட்டார் என்று தெரிந்ததும், என்னையே வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

பள்ளியின் செயலாளர் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவர் என்னை மண்டிக்கே வரச் சொன்னார்.

"ஏம்மா கோமதி, ஒனக்குப் பாடம் நடத்த வருது. பிள்ளைங்களுக்கும் ஒன்னப் பிடிச்சிருக்கு. ஆனா பி.எட். இல்லாம வேலை போட்டா மேல இருந்து ஒப்புதல் வராது. ஒரு வருசம் போய்ப் படிச்சிட்டு வா. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும்போது பாஸ் பண்ணிட்டேன்னு வந்து நில்லு, எடம் ஒனக்குத்தான். அதுக்கு மேல என்னால காலியா வச்சிருக்க முடியாது." பக்கத்தில் நின்ற எழுத்தரைப் பார்த்து, "கேட்டுக்கிடும் வே. பெறவு நான் மாத்திப் பேசினேன்னு ஆயிரக்கூடாது" என்றார்.

தோற்றால் அடுத்த வருடம் மறுபடி எழுதலாம், பட்டம் எங்கும் ஓடிப்போகாது. களக்காட்டு இடம் போய்விடும். அந்த வருடம் முழுக்க நான் சாப்பிட்டதும் தூங்கியதும் இந்த ஒரு பயத்தோடுதான்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. பாளையங்கோட்டைக்கு வெளியே பொட்டல் காட்டில் புதிதாக எழும்பியிருந்த ஒரு தனியார் கல்வியியல் கல்லூரியில் சேர்ந்தேன். சுவரில் வெள்ளை அடித்த வாசனை இன்னும் போகாத கல்லூரி. "தனியாரா? துட்டக் குடுத்தா அவனே பட்டத்த வீட்டுல கொண்டாந்து குடுத்திருவானே" என்று பெரியப்பா சொன்னார். ஊரில் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள். அந்தப் பேச்சு எங்களைவிடக் கல்லூரி நிர்வாகத்தைத்தான் அதிகம் சுட்டது. யாராவது தோற்றால் துட்டுக்குச் சேர்த்த கூட்டம் என்று ஆகிவிடும் என்பதால், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் எங்களில் ஒருவரைக்கூடத் தோற்கடித்துவிடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

படிப்பின் பெரும்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையில் உளவியல், மத்தியானம் சார்ட். நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. நம் கூடப் படிப்பவர்களே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள், நாம் ஆறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும். மீசை முறுக்கிய ஆண்கள் எழுந்து நின்று "தெரியாது டீச்சர்" என்று கையைக் கட்டிக்கொள்வார்கள். இதில் ஜமீலாவை அடிக்க ஆள் கிடையாது. மேலப்பாளையத்துப் பெண், கணக்கில் பட்டம் வாங்கியவள். பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள், பக்கத்தில் இருப்பவளின் பின்னலை பெஞ்சில் கட்டுவாள், "ஒண்ணுக்குப் போணும் டீச்சர்" என்று ஓடிவிடுவாள். நான் மூச்சுத் திணறி நிற்கும்போது, "ஏட்டி, நெசப் பிள்ளைங்க இதவிட மோசமா இருக்கும். இப்பவே பழகிக்கோ" என்பாள்.

பிறகு பாடத்திட்டம். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பீரியடு பாடத்துக்கு ஏழெட்டுப் பக்கம் எழுத வேண்டும். ஆயத்தப்படுத்துதலில் தொடங்கி, பாட வளர்ச்சி, மீள்பார்வை, மதிப்பிடல், வீட்டுவேலை என்று கட்டம் கட்டமாகப் போகும். பக்கத்தின் இடது பாதியில் ஆசிரியர் என்ன கேட்பார் என்று எழுத வேண்டும், வலது பாதியில் மாணவர் என்ன பதில் சொல்வார் என்று எழுத வேண்டும். ஆமாம், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அது என்ன சொல்லப்போகிறது என்று நாமே எழுதிவிட வேண்டும். எல்லாப் பாடத்திட்டத்திலும் எல்லா மாணவர்களும் எல்லாக் கேள்விக்கும் சரியாகவே பதில் சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு வகுப்பை நான் முப்பது வருடத்துக்கு மேலான வேலையில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இந்தப் பாடத்திட்டங்களைத் திருத்தியவர்கள் ஆவுடையம்மாள் மேடம். அறிவியல் கற்பித்தல் அவர்களுடைய பாடம். குட்டையான உருவம், எப்போதும் கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காதில் ஒரு பென்சில். கல்லூரியில் அவர்களைக் கண்டால் எல்லாருக்கும் பயம். எனக்கும் பயந்தான், ஆனால் அது பிடித்துப்போன பயம். என் பாடத்திட்டத்தின் வலது பாதியில் "மாணவர் விடை: சுண்ணாம்பு நீர் பால் போல் மாறும்" என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். "தப்பா மேடம்?" என்றேன். "எனக்கென்னம்மா தெரியும்? நாம இன்னும் அந்தப் பிள்ளைங்களப் பாக்கலையே" என்றார்கள்.

பயிற்சி வகுப்பைப் பார்க்க வந்தால் மற்ற விரிவுரையாளர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்ப்பார்கள். மேடம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முன்பக்க மூலையில், எங்களுக்குப் பக்கவாட்டில் போட்டு, பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். பாடம் நடத்துகிறவரைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். நாம் சாக்பீஸைக் கீழே போட்டாலும், உளறினாலும் அவர்கள் கண் பிள்ளைகளின் முகத்திலேயே இருக்கும். இடையிடையே பென்சில் ஓடும். வகுப்பு முடிந்து குறிப்பை வாங்கிப் பார்த்தால், "மூன்றாம் பெஞ்ச், ஓரத்துப் பெண், இரண்டு முறை கொட்டாவி", "முதல் பெஞ்ச் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது, நீ தெரிந்துகொள்ளவில்லை" என்று இருக்கும். நம்மைப் பற்றி ஒரு வரி இருக்காது. முதல் முறை அதைப் படித்துவிட்டு, என்னை ஒருவேளை மறந்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்கள். களக்காட்டு வேலையைச் சொல்லி நான் எவ்வளவு கெஞ்சினாலும் அதே பதில்தான்: "ரிசல்ட் வரும்போது தெரிஞ்சுக்கிடு." ஜமீலா ஒரு தடவை உம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நல்ல செய்தி சொன்னால் தேறிவிடுவார்கள் என்றெல்லாம் கதை கட்டிப் பார்த்தாள். மேடம் அவள் உம்மாவுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று அரை மணி நேரம் விசாரித்தார்கள். மார்க்கைச் சொல்லவில்லை.

வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால், உண்மையான பள்ளிக்கூடத்தில், உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இதற்குத்தான் எங்கள் கல்லூரியில் 'வகுப்பைத் தயார் பண்ணுவது' என்று ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் கல்லூரி என்ன, எல்லாக் கல்லூரியிலும் இருந்ததுதான். தேர்வுக்கு முந்தைய வாரத்திலேயே அந்தப் பாடத்தை அந்த வகுப்புக்கு நடத்தி, கேள்வி பதில் எல்லாம் மனப்பாடம் ஆக்கிவிடுவது. தேர்வன்று கேள்வி கேட்டால் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்த பிள்ளை வலது கை, தெரியாத பிள்ளை இடது கை. தேர்வாளர் கண்ணுக்குக் கைகள் காடாகத் தெரியும். நாம் வலது கையாகப் பார்த்து எழுப்பிக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் பிள்ளைகளுக்கு உற்சாகம் சொல்லி முடியாது. பின்னாளில் என் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் வகுப்பை எவ்வளவு நன்றாகத் தயார் பண்ணியிருந்தாள் என்றால், அவள் "அமிலத்தின் சுவை..." என்று தொடங்கும்போதே வகுப்பு "புளிப்பு!" என்று கத்திவிட்டது. அடுத்த கேள்வியை அவள் கேட்கவே இல்லை, பிள்ளைகள் அதற்கும் பதில் சொல்லிவிட்டார்கள். ஆவுடையம்மாள் மேடம் இப்படிப்பட்ட வகுப்புகளை 'நேத்து வச்ச கொழம்பு' என்பார்கள். ஆனால் நிர்வாகத்தின் வழக்கத்தில் தலையிட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

எனக்கும் ஜமீலாவுக்கும் நாங்குநேரிப் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்று வந்தது. எனக்கு எட்டாம் வகுப்பு, கார்பன் டை ஆக்சைடு. சலவைக்கல் துண்டுகள் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, வருகிற வாயுவைக் கண்ணாடிக் குழாய் வழியாகச் சோதனைக் குழாயில் இருக்கும் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விட்டால், அது பால் போல் வெளுக்கும். பார்க்க அழகான சோதனை, தப்பே வராது. சுண்ணாம்புக்கு வெற்றிலைக் கடை இருக்கிறது. தண்ணீரில் கரைத்து, பைய அடியில் தங்கவிட்டு, மேலே இருப்பதை இறுத்து எடுத்துக்கொண்டால் போதும்.

ஜமீலாதான் என் வகுப்பையும் சேர்த்துத் தயார் பண்ணிக் கொடுத்தாள். அந்த வகுப்பில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். மெலிந்த பிள்ளை, இரண்டாவது பெஞ்ச். ஒத்திகையில் ஒவ்வொரு கேள்விக்கும் அவள் இடது கையைத்தான் தூக்கினாள். மற்றவர்கள் மனப்பாடம் செய்து வலது கைக்கு மாறிவிட்டார்கள், அவள் மாறவே இல்லை.

"ஏட்டி கோமதி, எதுக்கும் அந்தப் பிள்ளைய மட்டும் எழுப்பிராத. இன்ஷா அல்லாஹ், எல்லாம் நல்லா முடியும்" என்றாள் ஜமீலா.

தேர்வு நாள். ஜமீலாவின் வகுப்பு காலையிலேயே எண்ணெய் போட்ட வண்டியாக ஓடி முடிந்தது. என் வகுப்பு மத்தியானம். மணி அடித்தது. ஆவுடையம்மாள் மேடம் வழக்கம்போல் மூலையில் நாற்காலியைப் போட்டுப் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். வெளித் தேர்வாளரைக் காணோம். தலைமையாசிரியை அறையில் சாப்பாடு முடிந்து பேச்சு நீண்டுவிட்டது போலிருந்தது. பீரியடு போய்க்கொண்டிருக்கிறது, காத்திருந்தால் பாடம் முடியாது. தொடங்கினேன். நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு அமிலத்தை ஊற்றினேன். கல்லிலிருந்து குபுகுபுவென்று நுரை வந்தது. வாயு சுண்ணாம்பு நீரில் கொப்பளித்தது. வெள்ளை படரத் தொடங்கிய அந்த நேரம் பார்த்துத் தேர்வாளர் வாசலில் வந்து நின்றார்.

வகுப்பு முழுவதும் எழுந்து "வணக்கம் ஐயா!" என்றது. அதற்கும் ஒரு முறை உண்டு. நடத்துகிறவர் பாடத்தை நிறுத்த வேண்டும், எதிரே போய்ப் பாடத்திட்டத்தை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், அவர் உட்கார்ந்து புரட்டிப் பார்த்துத் தலையசைக்கும்வரை நிற்க வேண்டும். நின்றேன். மதுரைப் பக்கத்துக்காரர், கனத்த கண்ணாடி போட்டவர். ஏழெட்டுப் பக்கத்தையும் ஒன்று விடாமல் புரட்டினார். என் பின்னால் வாயு பாட்டுக்குக் கொப்பளித்துக்கொண்டே இருந்தது. அது என் காதில் விழுந்தும் மூளையில் ஏறவில்லை.

"ம். தொடருங்க" என்றார்.

படபடப்பில் சோதனைக் குழாயைத் திரும்பிப் பார்க்காமலே, மனப்பாடம் செய்து வைத்திருந்த செந்தமிழில் கேட்டுவிட்டேன்: "மாணவிகளே, சுண்ணாம்பு நீரில் என்ன மாற்றம் காண்கிறீர்கள்?"

கைகள் காடாக எழுந்தன. முதல் பெஞ்ச் பெண்ணை எழுப்பினேன். "சுண்ணாம்பு நீர் பால் போல் மாறியது டீச்சர்!"

"எல்லோரும் சொல்லுங்கள்."

"பால் போல் மாறியது!"

சுவரே அதிர்ந்தது. நான் பெருமையாகக் கையை நீட்டிக் குழாயைக் காட்டிக்கொண்டே திரும்பினேன். உள்ளே இருந்தது பச்சைத் தண்ணீர். பாலும் இல்லை, மோரும் இல்லை. அப்போதுதான் ஆற்றிலிருந்து மொண்டு வைத்தது போலத் தெளிவாக இருந்தது.

தேர்வாளர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக் குழாயைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். களக்காட்டு ஜன்னல் என் கண் முன்னாலேயே சாத்திக்கொண்டது. தப்பிக்க வழி இருந்தது. குழாயைச் சட்டென்று எடுத்து மேசைக்குப் பின்னால் வைத்துவிட்டு, "ஆம், பால் போல் மாறியது" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கலாம். ஒத்திகை அப்படியே ஓடியிருக்கும். தேர்வாளர்கள் இதைவிடப் பெரியதையெல்லாம் பார்த்தும் பார்க்காமல் இருந்தவர்கள்தான்.

கைகள் இன்னும் இறங்கவில்லை. எல்லாம் வலது கை. இரண்டாவது பெஞ்சில் மட்டும் ஒரு இடது கை. இசக்கியின் கண் என் மேலும் இல்லை, தேர்வாளர் மேலும் இல்லை. குழாயிலேயே குத்திட்டு நின்றது.

செந்தமிழ் எல்லாம் எங்கே போயிற்றோ, "இசக்கி, ஒனக்கு என்னளா தெரியுது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் எழுந்தாள். "டீச்சர், மொதல்ல வெள்ளையாத்தான் ஆச்சு. அந்த சார் வந்த பெறவு பைய பைய தண்ணியாப் போயிட்டு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. மொதல்ல வெள்ளை, பிறகு தெளிவு. வாயு அளவுக்கு மேல் போய்விட்டது. ஒத்திகை பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பு நீரில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி நீட்டியிருந்தேன். அதனால் சீக்கிரமே தெளிந்துவிட்டது. வெள்ளையாக வந்த பொருள் இன்னும் வாயு சேர்ந்து, நீரில் கரையும் வேறொரு பொருளாகி உள்ளேயே ஒளிந்துகொண்டிருந்தது. பட்டப்படிப்பில் பரீட்சைக்குப் படித்தது. கண்ணால் அன்றுதான் பார்த்தேன்.

"இசக்கி சரியாச் சொல்லுதா. எல்லாரும் கையக் கீழ போடுங்க. அந்த வெள்ளை எங்க போச்சு?" என்றேன்.

யாருக்கும் தெரியவில்லை. இதற்கு ஒத்திகை இல்லையே. "ஆவியாப் போயிட்டு டீச்சர்" என்றது ஒன்று. "அடியில கெடக்கும்" என்றது இன்னொன்று. இசக்கியை மேசைக்கு வரச் சொல்லி அடியில் பார்க்கச் சொன்னேன். "ஒண்ணும் இல்ல டீச்சர்." ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, குழாயை இடுக்கியில் பிடித்துச் சூடாக்கினேன். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சின்னச் சின்னக் குமிழி வந்தது. பின்பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள், உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பிறகு ஒரு மங்கல். பிறகு இசக்கி கத்தினாள்: "வந்துட்டு டீச்சர், வெள்ளை வந்துட்டு!"

அவளே அடுத்ததையும் சொன்னாள். "எங்க வீட்டு வெந்நிப் பானைக்குள்ளயும் இப்படித்தான் டீச்சர் வெள்ளையா ஒட்டிக் கெடக்கும். அம்மை செங்கல்ல வச்சித் தேய்ச்சாலும் போவாது."

அவ்வளவுதான், வகுப்பு உடைப்பெடுத்துக்கொண்டது. எங்க வீட்டிலயும், எங்க வீட்டிலயும் என்று ஆளுக்கு ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்க கிணத்துத் தண்ணில சோப்பே நுரைக்காது டீச்சர். அம்பாசமுத்திரத்திலேர்ந்து வந்த அத்தை, இது என்ன தண்ணி, தலைமுடி சடை விழுதுன்னு திட்டினா டீச்சர். அங்கன ஆத்துத் தண்ணி, இங்கன கிணத்துத் தண்ணி, அதான். நானும் என்னை மறந்து பேசிக்கொண்டே போனேன். மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இந்த வாயுவை வாங்கிக்கொண்டு கல்லைக் கரைத்துக் கிணற்றுக்கு வருவதையும், பானையில் கொதிக்கும்போது அந்தக் கல்லே திரும்பி வருவதையும் சொன்னேன். களக்காட்டில் அனுபவித்த அதே ருசி. மணி அடித்தபோதுதான் திடுக்கிட்டேன். கரும்பலகையில் தலைப்பைத் தவிர ஒன்றுமில்லை. மீள்பார்வை இல்லை, மதிப்பிடல் இல்லை, வீட்டுவேலை இல்லை. மார்க் எல்லாம் அங்கேதான் இருந்தது.

தலைமையாசிரியை அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தேர்வாளர் மேசைக்குப் பின்னால், ஆவுடையம்மாள் மேடம் பக்கத்தில். கல்லூரித் தரப்பில் மார்க் போடும் உள்தேர்வாளர் மேடம்தான், ஆனால் தன் மாணவிக்காக உள்தேர்வாளர் பேசக் கூடாது என்பது முறை.

"பாடத்திட்டத்துல பாதிக்கு மேல நடக்கவே இல்லையேம்மா" என்றார் அவர்.

"ஆமா சார்."

"கரும்பலகை காலி."

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடது கைன்னா தெரியாதுன்னு அர்த்தம். அப்படித்தானே?"

நான் அவரையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"முழிக்காதம்மா. நாங்க படிச்சப்ப விரிச்ச கை, மூடின கை. எல்லாரும் இதத் தாண்டித்தான் வந்திருக்கோம். நான் கேக்கறது வேற. அத்தனை வலது கை இருக்கப்ப, அந்த இடது கைய ஏன் எழுப்பின?"

யோசித்துச் சொல்ல அப்போது என்னிடம் தெம்பு இல்லை. உள்ளதைச் சொன்னேன்.

"அவ ஒருத்திதான் சார் குழாயப் பாத்துக்கிட்டு இருந்தா."

அவர் என் பாடத்திட்டத்தை மூடி மேசையில் வைத்தார். பிறகு, "நீ போகலாம்மா" என்றார். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் ஜமீலா பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் ஒன்றும் கேட்காமல் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவளுக்கு அந்த நேரத்தில் வேடிக்கை எதுவும் வரவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு நாங்கள் பாளையங்கோட்டை பஸ்ஸுக்குச் சாலைக்கு வந்தோம். ஜமீலா எதிர்க் கடைக்குச் சோடா வாங்கப் போயிருந்தாள். மேடம் குடையோடு வந்து என் பக்கத்தில் நின்றார்கள். வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அழுது வீங்கிய முகத்தை மறைக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மார்க்கைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். பஸ் தூரத்தில் புழுதியோடு தெரிந்தது.

"கோமதி" என்றார்கள்.

"மேடம்."

"களக்காட்டுல வீடு பாத்தாச்சா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"இல்ல மேடம்."

"ஜூன்ல போய்த் தேடினா நல்ல வீடு கெடைக்காது. இப்பவே போய்ப் பாத்து வை."

சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் ஏறியதுகூட எனக்கு நினைவில்லை. ஜமீலா சோடாவோடு ஓடி வந்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் முன்னைவிட அதிகமாக அழுவதைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"யா அல்லாஹ், என்ன புள்ள? மேடம் என்ன சொன்னாக? பெயிலாக்கிட்டாகளா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வீடு பாக்கணும் ஜமீலா" என்றேன்.